இடுப்புக்கு இரண்டு விரல்

எங்கள் ஊர் செலண்டாரில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் என் மனைவி. அந்தப் பெருமையில் என் பங்கு, தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்கள் சாப்பாட்டு மேசையில் எனக்கு இடம் இல்லாமல் போவது. அந்த இரண்டு மாதத்துக்குள்தான் எனக்குக் குடலிறக்க ஆபரேஷனும் நடந்தது, மகளின் பட்டமளிப்பு விழாவும் வந்தது. பெல்ட், பட்டன் எதுவும் தையல் போட்ட இடத்தில் அழுத்தக் கூடாது என்றார் டாக்டர். வீட்டில் கைலியோடு காலம் தள்ளினேன். ஆனால் ஆயர் குரோவில் மகள் படித்த பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தில், ஆண்கள் நீளக் கால்சட்டை அணிந்து வர வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிள்ளையைப் படிக்க வைத்தவன், இடுப்புக்குக் கீழே தகுதி போதாமல் வாசலில் நிற்பதா? அவள் மேடையேறும்போது எழுந்து நின்று கைதட்ட வேண்டும். எனக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான்.

கடையில் விற்கும் ஓட்டப்பந்தயக் கால்சட்டையில் போனால் மகளே என்னைத் தெரியாது என்று சொல்லிவிடுவாள். அதனால் மனைவியிடம் நல்ல துணியில், இடுப்புக்கு இலாஸ்டிக் வைத்து, நீளக் கால்சட்டையாக ஒரு சிலுவார் தைத்துத் தரச் சொன்னேன். எனக்கு முன்னால் நாற்பது ரவிக்கைகள் இருப்பதாகச் சொன்னாள். ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், எனக்குத் தெரியாத தையலா?

இணையத்தில் கால்சட்டை வெட்டுவதற்கான ஒரு பேட்டர்னை எடுத்து, அச்சடித்த தாள்களை ஒட்டி, தரையில் விரித்தேன். தையலுக்கு விட வேண்டிய துணியும் இந்த அளவிலேயே சேர்ந்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. நான் நம்பவில்லை. எழுதியவருக்கு நம்மவர்களைத் தெரியாது. நம் ரவிக்கை எதுவானாலும், அடுத்த வருடம் பிரித்துவிட, உள்ளே இரண்டு விரல் துணி மிச்சம் இருக்கும். என் மனைவியிடம் இதுவரை யாரும் இளைத்துத் திரும்பி வந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரல் கூட்டி வெட்டினேன். அந்த மிச்சம் தையலுக்கு உள்ளே நிற்க வேண்டும் என்பது மட்டும் மறந்துபோய், ஓரத்தோடு ஓரமாகத் தைத்து முடித்தேன். இலாஸ்டிக்குக்கு இடுப்பை அளந்து அதிலும் இரண்டு விரல் கூட்டினேன். டாக்டர் சொல்லைத் தட்டலாமா?

போட்டுக் காட்டினேன். கொக்கி தைத்துக்கொண்டிருந்த மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"ரவிக்கைக்குத்தான் லா கூட விடணும். இலாஸ்டிக்க இடுப்பவிடக் கொறச்சி வெட்டணும். நீங்க எழுந்தா இது நிக்காது. குடுங்க, பிரிச்சித் தர்றேன்."

கொடுத்திருக்கலாம். காற்றோட்டமாக இருக்கிறது, எனக்கு இப்படித்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் கொக்கிக்குத் திரும்பிவிட்டாள்.

விழாவன்று தொடைவரை தொங்கிய பூப்போட்ட பாத்தேக் சட்டை என் கைத்திறனை மூடி மறைத்தது. காரிலிருந்து மண்டபம் வரை இடது கையைச் சட்டைக்குள் விட்டு இடுப்பைப் பிடித்தபடியே நடந்தேன். ஆபரேஷன் வலி என்று நினைத்து எல்லாரும் வழிவிட்டார்கள். வலியெல்லாம் இல்லை, மானப் பிரச்சினை. மனைவி பக்கத்தில் உட்கார்ந்த பிறகு ஒரு குறையும் இல்லை. ராஜாவைப் போல இருந்தேன்.

மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். கால்சட்டை எழவில்லை. இடது கை பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டது. தட்டுவதற்கு வலது கை மட்டும் மிச்சம் இருந்தது. மேடையில் மகள் எங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது பின்பக்கம் என் சட்டைக்குள் ஒரு கை நுழைந்தது. அளவு பார்க்க வந்தவளின் ரவிக்கையைப் பிடிப்பதுபோல, தொளதொளத்த துணி மொத்தத்தையும் ஒரே பிடியில் சேர்த்து இறுக்கியது. மனைவி மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் புடிச்சிருக்கேன். தட்டுங்க."

தட்டினேன், இரண்டு கையாலும், மகள் இறங்கிப் போகும்வரை. அவளைப் பெற்றவளால்தான் கடைசிவரை கைதட்ட முடியவில்லை.