ஆத்தா என்று எழுதியவன்

1984 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். காரிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு ஓர் எக்ஸ்பிரஸ் கடிதம் வந்தது. அப்போது நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தகப்பனார், அத்தா, புளி கொள்முதலுக்காகக் கம்பைநல்லூர் போயிருந்தார். மறுநாள் இரவுதான் திரும்புவார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வாசலில் நின்றபடியே வாசித்துக் காட்டினேன்.

பெங்களூரில் லேத் பட்டறையில் வேலை செய்த என் அண்ணன் பெயரில் எழுதப்பட்டிருந்தது. பட்டறைச் சரக்கோடு லாரியில் சேலம் போகையில் தொப்பூர்க் கணவாயில் விபத்து. வலக்கை முறிந்துவிட்டதால் நண்பர் எழுதுகிறார். புதன்கிழமை காலை, அதாவது மறுநாளே, ஆபரேஷன். அதற்கு முன் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை அந்த நண்பர் பெயருக்கு, சேலத்திலுள்ள ஒரு லாட்ஜ் முகவரிக்கு, தந்தி மணியார்டரில் அனுப்ப வேண்டும்.

"யா அல்லா, எம்புள்ள கையி!" என்று அம்மா வளையல்களைக் கழற்றத் தொடங்கினாள். தொப்பூர் என்ற பெயருக்குமேல் எங்களுக்குச் சான்று தேவைப்படவில்லை. அங்கே லாரி கவிழ்ந்த செய்தியை அடிக்கடி கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

அழுகை கேட்டு, புளி தட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார்.

"என்னாங்க பாயம்மா, என்னாச்சு? நீ இன்னொருக்கா படி கண்ணு. எழுதியிருக்கறத அப்படியே படி."

"அன்புள்ள ஆத்தாவுக்கு" என்று தொடங்கியவள் நின்றேன். முதல்முறை "அம்மாவுக்கு" என்றல்லவா வாசித்திருந்தேன்? கீழே "அப்பாவிடம் சொல்ல வேண்டாம்" என்றிருந்தது. அதையும் "அத்தாவிடம்" என்றே சொல்லியிருந்தேன். எழுத்து கண்ணிலிருந்து நாவுக்கு வருவதற்குள் அச்சம் அதை எங்கள் வீட்டுச் சொல்லாக மாற்றியிருந்தது. எங்களுக்குத் தகப்பனார் அத்தா, பெற்றவள் அம்மா. ஆத்தா என்று தாயை அழைப்பது பக்கத்து வீட்டு வழக்கம்.

அக்கா சிரித்துவிட்டார். "ஆத்தாவா? உங்க பையன் எப்பங்க எங்க வூட்டுப் புள்ளையானான்?"

"சிரிக்காத புள்ள," என்றாள் அம்மா. "கை ஒடஞ்சவன் சொல்லச் சொல்ல எவனோ எழுதியிருக்கான். அவன் வூட்டுப் பேச்சு அவனுக்கு வந்திருக்கும்."

அதுதான் என்னை மேலும் அச்சுறுத்தியது. அம்மா சொன்னதும் நடக்கக்கூடியதே. அண்ணனின் பெயர், எங்கள் கதவு எண், எல்லாம் சரியாக இருந்தன.

"ஆஸ்பத்திரி பேரு எழுதுல, லாட்ஜு பேரு மட்டும் கரெக்டா எழுதியிருக்கான் பாரு," என்றார் அக்கா.

நான் கடிதத்தை மறுபடி பார்த்தேன். மருத்துவமனையின் பெயர் எங்குமே இல்லை. பணம் அண்ணன் பெயருக்கு இல்லை. அத்தாவிடம் கேட்க விடவில்லை. யோசிக்கவும் நேரம் தரவில்லை.

"காலையில மொதல்ல பட்டறைக்குப் போன் போடலாம்மா," என்றேன்.

"போன் கெடைக்கறதுக்குள்ள எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

இருட்டுவதற்குள் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. என் சந்தேகம் அண்ணனின் கையைப் பறித்துவிடுமோ என்ற எண்ணம் என்னை உண்ணவும் விடவில்லை.

மறுநாள் காலை தபால் நிலையம் திறந்ததும் முதல் ஆளாக நின்று பெங்களூர்ப் பட்டறைக்கு டிரங்க்கால் பதிவு செய்தேன். அம்மா மணியார்டர் படிவத்தை என்னிடம் நீட்டியபடியே இருந்தாள். போன் மணி அடிக்கட்டும் என்று நான் எழுதாமல் இருந்தேன். கடைசியில் மணி அடித்தது.

"என்னா? வேலை நேரத்துல எதுக்குக் கூப்புடுற? முதலாளி மொறைக்கறாரு," என்றான் அண்ணன்.

"உன் கை நல்லா இருக்கா?"

"கைக்கு என்னா? போன வாரம் பஸ்ல பர்ஸ்தான் போச்சு. நம்ம வூட்டு அட்ரஸ், பட்டறை கார்டு எல்லாம் அதுலதான் இருந்துது. ஏன், யாராச்சும் வந்தாங்களா?"

"அம்மாகிட்ட பேசு. வைக்காம பேசிக்கிட்டே இரு," என்றேன்.

பணம் முடிந்திருந்த முந்தானையை அம்மாவின் இரண்டு கைகளும் விடவில்லை. ரிசீவரை நான்தான் அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.