தலைநகர் பாடமும் இரண்டாவது நோட்டும்

என்னிடம் எப்போதும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஒன்று பாடக்குறிப்பேடு. வகுப்பில் என்ன சொல்லப்போகிறேன் என்பதை முன்கூட்டியே எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குவது. மற்றது யாரும் கேட்காதது. வகுப்பில் உண்மையில் என்ன சொன்னேன் என்பதை, ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ராஜபாளையம் பஸ் வரும்வரை உட்கார்ந்து எழுதுவது. இரண்டும் ஒத்துப்போன நாட்கள் குறைவு.

அந்த வாரம் நான்காம் வகுப்புக்கு இரண்டு தலைநகரங்கள் பற்றிப் பாடம். சார்ட்டில் நடுக்கோடு போட்டு, இந்தப் பக்கம் சென்னை, அந்தப் பக்கம் டெல்லி. சென்னைக்குக் கடற்கரையும், வெள்ளைக்காரர்கள் கட்டிய கோட்டையும். தலைமைச் செயலகம் இன்றும் அதற்குள்தான். டெல்லிக்கு யமுனை ஆறும், ஒருவர் கட்டியதற்குப் பக்கத்திலேயே அடுத்தவர் கட்டிய கோட்டைகளும். வெள்ளைக்காரர்கள் முதலில் கொல்கத்தாவில் இருந்துகொண்டு ஆண்டார்கள், பிறகுதான் டெல்லிக்கு மாறினார்கள் என்றதும் முதல் வரிசைச் சிறுமி ஒருத்தி, "அப்ப கொல்கத்தாக்காரங்க சும்மாவா விட்டாங்க டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்தது.

சிரிக்காதவள் ஒருத்தி. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வ. புதுப்பட்டியிலிருந்து வந்து சேர்ந்தவள். சேர்ந்த வாரத்தில் ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லி, எல்லோரும் சிரித்ததிலிருந்து வாய் திறப்பதில்லை. பெயர் கூப்பிட்டால்கூடக் கைதான் உயரும். அவளைப் பேசவைக்க வேண்டும் என்று என் இரண்டாவது நோட்டில் பதினோரு இடங்களில் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் காலை பத்தரைக்கு அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்வையிட வந்தார். சார்ட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "தமிழ்நாட்டோட தலைநகர் எது?"

கைகள் உயர்ந்தன. கடைசி வரிசையில் அவள் கையும். அதிகாரி அவளைத்தான் காட்டினார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் சார்."

அவர் முதலில் சிரித்தார். "சரியாக் கேட்டியா பாப்பா? தலைநகர்."

"ஆமா சார். புத்தகத்துல அரசாங்க முத்திரை இருக்குல்லா? அதுல நம்ம கோபுரந்தான் இருக்கு. அந்தச் சின்னம் எங்க இருக்கோ அங்கதான் அரசாங்கம் இருக்கும்." ஜன்னலைக் காட்டினாள். வேப்பமரத்துக்கு மேலே கோபுரத்தின் உச்சி தெரிந்தது.

"யார் சொன்னா?"

"டீச்சர்தான்."

முதல் வரிசைச் சிறுமி திரும்பினாள். "ஏட்டி, புளுகாத! டீச்சர் எப்ப அப்படிச் சொன்னாங்க?" இன்னும் இரண்டு பேர் "பொய்யி சார், பொய்யி" என்றார்கள்.

அதிகாரி என் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினார். "இதுல அப்படி ஒண்ணும் இல்லையே. சொன்னீங்களா டீச்சர்?"

இல்லை என்று ஒரு சொல் போதும். குறிப்பேடு என் பக்கம், வகுப்பும் என் பக்கம். ஆமாம் என்றால், பார்வையிட வருகிறவர்கள் குறிப்பெழுதும் பள்ளிப் பார்வைப் புத்தகத்தில் ஏறும். இருபத்திரண்டு வருடங்களில் என் பெயருக்கு எதிரே ஒரு குறை ஏறியதில்லை. அவள் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. பாவாடை மடிப்பை விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடுகள் மூடிக்கொண்டன. அந்த மூடலை எனக்குத் தெரியும். மூன்று மாதமாகப் பார்த்தது அது.

பையிலிருந்து இரண்டாவது நோட்டை எடுத்தேன். முந்தைய நாள் பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். "மணி அடிக்கும் நேரத்தில், அவசரமாக: 'இந்தச் சின்னம் எங்கே இருக்கிறதோ, அங்கே அரசாங்கம் இருக்கிறது என்று பொருள்.'" அரசு அலுவலகங்களின் பெயர்ப்பலகையில் இருக்கும் சின்னத்தை மனதில் வைத்துச் சொன்னது. அதை நான் வகுப்பில் விளக்கவில்லை.

"சொன்னேன் சார். அவ எதையும் சேர்க்கல."

அதிகாரி நோட்டை வாங்கி மேலும் இரண்டு பக்கம் பார்த்தார். "இதையெல்லாமா எழுதி வைக்கிறீங்க?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து பார்வைப் புத்தகத்தில் எழுதினார்: கருத்துகளைப் பிழையின்றிக் கற்பிக்குமாறு ஆசிரியருக்கு அறிவுறுத்தப்பட்டது. கீழே நான் கையெழுத்திட்டேன்.

வகுப்புக்குத் திரும்பினால் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல எனக்கு மறந்துபோயிருந்தது.

சின்னத்தைப் பற்றி மறுபடி சொன்னேன். கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையது, அரசாங்கம் நடப்பது சென்னையில். மத்திய அரசின் சின்னமாகக் காசில் இருக்கும் சிங்கங்களும் டெல்லியுடையவை அல்ல, சாரநாத்தில் கிடைத்தவை. நேற்று நான் சொன்ன வாக்கியம் இரண்டு தலைநகருக்கும் பொருந்தாது.

"உட்காரும்மா," என்றேன்.

அவள் உட்காரவில்லை. "டீச்சர், கோபுரத்தை மட்டும் சென்னைக்காரவிய எடுத்துக்கிட்டாங்களா? கேட்டுட்டு எடுத்தாங்களா?"

முதல் வரிசைச் சிறுமி உட்படப் பலர் சிரித்தார்கள். நான் அவள் உதடுகளையே பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை பஸ் வருவதற்குள் அந்தக் கேள்வியை அவள் சொன்னபடியே இரண்டாவது நோட்டில் எழுதிக்கொண்டேன்.