சங்கரா கேட்டேன், நங்கூரம் தந்தான்

செந்தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்துவிட்டு அவள் அப்பா மேட்டுப்பாளையம் கம்பெனிக்கு ஷிஃப்டு பார்க்கப் போய்விட்டார். பெயரைக் காப்பாற்றும் வேலை மகள் தலையில் விழுந்தது. அவளும் விடாமல் எம்.ஏ. தமிழ் படித்து, குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தமிழாசிரியையாக இருக்கிறாள். அதில் ஏழாம் வகுப்பு பி பிரிவைத் தன் சொத்து என்றே நினைத்திருந்தாள். ஜூலை மாதம் ஸ்கூட்டர் சறுக்கிக் கால் முறியும்வரை அந்தச் சொத்தில் யாரும் பங்கு கேட்கவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு. கைத்தடியோடு அவள் திரும்பி வந்த திங்கட்கிழமை, தமிழ் பீரியடில் ஏழு பி வகுப்பறை காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள், விளையாட்டு ஆசிரியர் காத்தவராயனோடு.

அவர்தான் அவளுக்குப் பதிலாகத் தமிழ் எடுத்தாராம். கபடி சொல்லிக்கொடுக்கிற ஆள் எதுகை மோனை நடத்துகிறார். வரியில் சொற்களின் முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, அதற்குக் காலைத் தரையில் உதைக்க வேண்டும். இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை, அதற்குக் கைதட்டு. வரிகளின் கடைசி ஓசை ஒன்றி வந்தால் இயைபு, அதற்கு மட்டும் அவர் விசில் ஊதுவார்.

"வஞ்சிரம் வந்தது, வவ்வால் வந்தது, வாளை மட்டும் வரவே இல்லை," என்று மீன் பெயர்களை அடுக்கி நாற்பது பிள்ளைகளும் உதைத்ததில் புழுதி கிளம்பியது.

"சங்கரா கேட்டேன், நங்கூரம் தந்தான்." சங்கரா மீனுக்கும் நங்கூரத்துக்கும் கைதட்டல்.

"இறாலுக்கு மீசை, எனக்குமோ ஆசை." விசில்.

செல்விக்கு வயிறு எரிந்தது. அதை அவள் தனக்குத்தானே ஒளிக்கவும் இல்லை. வருஷா வருஷம் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, இலக்கணம் எழுதிப்போட்டு, பரீட்சையில் பாதிப்பேர் மோனையை எதுகை என்று எழுதுவதைத் திருத்தியே அவள் சிவப்பு மை தீர்ந்திருக்கிறது. இந்த மனுஷன் ஒரு விசிலை வைத்துக்கொண்டு ஆறு வாரத்தில் முடித்துவிட்டார். அதைவிட எரிந்தது அந்த வரிகள். இப்படி ஒரு வரி தனக்கு ஏன் வரவில்லை?

அந்த வாரம் முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. அவர் "கால் எப்டி இருக்குது டீச்சர்?" என்று கேட்டபோது ஜன்னலைப் பார்த்தாள். வகுப்பில் அபி என்ற பெண் எழுந்து, "மிஸ், பி.டி. சாரு மாதிரி வெளில போய் நடத்தலாமா?" என்றபோது, உட்காரச் சொன்னாள். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை அமேலி கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூடமே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும்.

"கால் இன்னும் சரியாவல. ஏழு பி-ய இந்த வருஷம் காத்தவராயனே பாக்கட்டுமே. புள்ளைங்களும் கேக்குது."

கைத்தடி இல்லாமலே செல்வி எழுந்து நின்றுவிட்டாள். "மதாம், அவரு நடத்துறது பாடமே இல்ல. மீன் மார்க்கெட்டு பாட்டு. எங்கேந்து புடிச்சாருன்னு கேளுங்க. புத்தகத்துல இருக்கிறத மட்டும் நடத்தணும், வெளையாட்டு வேணாம்னு எழுதியே குடுங்க அவருக்கு."

மதாம் காத்தவராயனை வரவழைத்தார். கேள்வியைக் கேட்டதும் அவர் விழித்தார். போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"எனக்கு என்ன தமிழ் தெரியும் மதாம்? நீங்கதான அலமாரில இருக்கிற பழைய பாடக்குறிப்பு எதையாவது பாத்து நடத்துன்னீங்க. இதுல உதை, தட்டு, ஊதுன்னு எல்லாம் போட்டிருந்துச்சி. டீச்சருக்குத் தெரியும்னு நெனச்சேன். அவங்க நோட்டுதான இது."

நீல மையில், சாய்ந்த கையெழுத்து. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துப் பாடக்குறிப்பேடு. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஒரு காலை முழுக்க மீன் ஏலம் விடுவதைக் கேட்டுவிட்டு வந்து எழுதியது, பக்கத்தைப் பார்த்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. வஞ்சிரம், சங்கரா, இறால் எல்லாம் அங்கே இருந்தன. பக்கத்தின் அடியில் அன்று வந்த பள்ளி ஆய்வாளர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: புத்தகத்தில் உள்ளதை மட்டும் நடத்தவும். விளையாட்டு வேண்டாம்.

அதற்கடுத்த பக்கத்திலிருந்து மூன்று கட்டங்கள்தான். கடைசிப் பக்கம்வரை கட்டங்கள்தான்.

செல்வி அந்தச் சிவப்பு வரியை இன்னொரு முறை படித்தாள். அந்த ஆய்வாளரின் பெயர்கூட அவளுக்கு நினைவில்லை. அவர் சொன்னதை மட்டும் இருபத்திரண்டு வருஷம் சுமந்து, சற்று முன்னால் அப்படியே ஒப்பித்திருக்கிறாள். காத்தவராயன்மேல் இருந்த பொறாமை போய்விட்டது. நீல மையில் எழுதிய அந்த இருபத்தைந்து வயதுக்காரிமேல் வந்த பொறாமைதான் போகவில்லை. அவளுக்கு என்ன தைரியம்!

மதாம் காத்திருந்தார். "என்ன செய்யலாம், செல்வி?"

"நான் சொன்னத மறந்துடுங்க மதாம்." நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வாசல்வரை நொண்டிப்போய்த் திரும்பினாள். அந்த வாரத்தில் முதல்முறையாகக் காத்தவராயனை நேராகப் பார்த்தாள்.

"சார், என்னால உதைக்க முடியாது. அந்த விசில கொஞ்சம் குடுங்க."