அண்ணியின் ஊருக்கு அரைப் பக்கம்

எங்கள் குடும்பத்தில் யாராவது காலமானால் நினைவு மலரின் முதற் பக்கத்தை என்னிடம் விடுவது வழக்கம். முதற் பக்கம் என்றால் பிறந்த ஊரின் சிறப்பு. குளம், கோயில், பனை, வயல் என்று நாலையும் அடுக்கினால் பக்கம் நிரம்பிவிடும். மூன்று வேறு ஊர்களில் பிறந்த மூன்று மாமாமாருக்கு ஒரே பந்தியை எழுதிக்கொடுத்தவன் நான். மெல்பேர்ணில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, அண்ணியைத் தவிர.

அண்ணி செக் நாட்டில் பிறந்தவர். தமிழை எங்கள் அம்மாவிடம் ஸ்பிரிங்வேல் வீட்டுக் குசினியில் சமைத்தபடியே படித்தார், வாசிக்கவும் பழகினார். ஒருநாள் மூன்று மலர்களையும் என் முன்னே விரித்து வைத்தார்.

“தம்பி, இந்தக் குளம் மூண்டு ஊரிலையும் இருக்குதோ?”

“பெரிய குளம் அண்ணி.”

சிரித்தார். “எனக்கு எழுதேக்க என்ர ஊரை எழுத வேணும். கொப்பி எடு, சொல்லுறன்.”

“ஆள் போன பிறகுதானே அது எழுதுறது. இப்ப என்ன அவசரம்?”

“நான் போன பிறகு உனக்கு ஆர் சொல்லுறது?”

அதற்கும் ஏதோ பகிடி விட்டேன். என்ன பகிடி என்று இப்போது நினைவில்லை. இப்படியே பதினொரு வருடம் போனது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத்தான் கொப்பியோடு போனேன். அரைப் பக்கம் சொன்னவர் களைத்துப்போய், “மிச்சம் நாளைக்கு” என்றார். மறுநாள் அவரால் பேச முடியவில்லை. எனவே இந்த ஊர்ச் சிறப்பு அரைப் பக்கம்தான். பிழை என்னுடையது.

செக் நாட்டின் வடக்கு எல்லையில், இரண்டு மலைகளுக்கு நடுவே, ஓர் ஓடையும் நாற்பது வீடுகளும். மீன் வளர்க்கும் குளம் ஒன்றும் இருந்ததாம். என் பழைய பந்தியில் அது மட்டும் சரி. உலகப் போரில் தேவாலய மணியைக் கழற்றி உருக்கக் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும், ஊரில் பாதியாக இருந்த ஜெர்மன் மொழிக்காரரை ஆளுக்கொரு மூட்டையோடு அனுப்பிவிட்டார்கள். பாதி வெறுமையான அந்த ஊருக்கு, நிலத்தை உழுது கமம் செய்ய வந்த குடும்பத்தில் அண்ணி பிறந்தார். பூட்டிய வீடுகளின் பின்னால் அப்பிள் மரங்கள் காய்த்துக்கொண்டே இருந்தனவாம். அண்ணியின் தாயார் ஒரு சட்டம் வைத்திருந்தார்: கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் பழம் பிடுங்கலாம்.

கொப்பியில் உள்ளது அவ்வளவுதான்.

அங்கே ரஷ்ய டாங்கிகள் புகுந்த வருடம், இருபது வயதில் அண்ணி நாட்டை விட்டார். இங்கே தொழிற்சாலையில் அண்ணாவைக் கண்டு மணந்தார். எங்கள் அம்மாவை ஒன்பது வருடம் குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்த்தார். எங்கள் நாட்டுப் போரில் ஊர்ச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்த செய்தி வந்த அன்று நாங்கள் வீட்டை நினைத்து அழுதோம். அண்ணி, “மாமரம் காய்ச்சுக்கொண்டு நிக்குமே” என்றார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. திறந்து கிடக்கும் என் வீட்டுக் கதவையும் அவர் தட்டிவிட்டே வருவார். “பொலிஸ் வருது” என்று கத்துவேன்.

அண்ணியைத் தூக்கி இருத்திய தாதியருக்கும், அண்ணாவைப் பட்டினி விடாத அயலவருக்கும், இந்த முப்பத்தோராம் நாளில் வந்திருக்கும் உங்களுக்கும் எங்கள் நன்றி. நீங்கள் குடித்த புளிப்புத் தேசிக்காய்த் தண்ணீர் அண்ணி வளர்த்த மரத்தினுடையது. அண்ணா இப்போது என்னோடு இருக்கிறார். அவர்களின் வீடு பூட்டிக் கிடக்கிறது. நேற்றுக் காய் பிடுங்க நான்தான் போனேன். பூட்டின் திறப்பு கையில் இருந்தது. கதவைத் தட்டினேன். கொஞ்ச நேரம் நின்றேன்.