நீட் வரிசையில் நின்ற டியூட்டர்

வண்டலூர்ப் பள்ளியொன்றில் மூன்றாம் முறையாக நீட் எழுத நின்றபோது, எனக்கு முன்னால் நின்றவருக்கு முப்பது வயதிருக்கும். யாரும் கழற்றச் சொல்வதற்கு முன்பே காதில் கம்மல் இல்லை.

"பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் நில்லுங்க மேடம்" என்றார் காவலர். அவர் கோபப்படாமல் ஹால்டிக்கெட்டைக் காட்டினார்.

எம்.எஸ்சி. அனாடமி முடித்து, ஒரு மருத்துவக் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறாராம். நான் பி.எஸ்சி. முடித்திருந்தேன். இந்த முறையும் சீட் கிடைக்காவிட்டால் நானும் அந்த எம்.எஸ்சி.யில் சேர்வதா, தாம்பரத்தில் இன்னொரு வருடம் கோச்சிங் போவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"எம்.எஸ்சி. சேர்ந்தா நீட்டுக்கு யூஸ் ஆகுமாக்கா?"

"ஒரு மார்க் கூட ஏறாதும்மா. ஆனா டிசெக்‌ஷன் சூப்பரா வரும். எம்பிபிஎஸ் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு நீதான் சொல்லிக் குடுப்ப."

"அப்புறம் ஏன் நீங்க இன்னும் எழுதுறீங்க?"

"அடுத்த வருஷம் அதுங்க பேஷண்ட்டைப் பார்க்கப் போயிடுதுங்க. நான் அங்கேயே நிக்கிறேன்."

எனக்குச் சீட் கிடைக்கவில்லை. எம்.எஸ்சி. சேர்ந்தேன், இப்போது நானும் டியூட்டர்.

ஒவ்வோர் ஆண்டும் புது பேட்ச் உள்ளே வரும்போது, வெள்ளைக் கோட்டுகளுக்கு நடுவே அவரைத் தேடிப் பார்க்கிறேன். வந்து உட்கார்ந்தால் அக்கா என்பதா, மேடம் என்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.