கிளை விடாத மரம்

போன வாரம் என் மகள் கவிதாவுக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்துவிட்டேன். வேறு யாரும் இல்லை... நானேதான்.

பெருமாட்டியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அது இனிமேல் எங்களைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கைதான் இல்லை. கம்ப்யூட்டர் படித்த கவிதாவுக்கு ஒன்றரை வருஷத்தில் வந்த ஒரே இன்டர்வியூ இது. அவள் எழுதிய புரோகிராமை ஆன்லைனில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

அதன் பெயர் பைனரி சர்ச் ட்ரீ. எங்கள் கனால் பாசனத்தில் இருக்கும் ஆயிரத்து இருநூறு தோட்டங்களின் நம்பர்களைத்தான் அதில் ஏற்றப் போகிறாள். தலைமடைத் தோட்டம்தான் ஒன்றாம் நம்பர். முதலில் வரும் நம்பர் வேர். அதைவிடச் சின்னது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம் — இப்படியே கிளை பிரியும். தேடும்போது ஒவ்வொரு கிளையிலும் கிட்டத்தட்டப் பாதி மரத்தை ஒதுக்கிவிடலாம். கடைசித் தோட்டம்கூடப் பத்துப் பதினைந்து எட்டில் கிடைத்துவிடும். கேட்கவே ஆசையாக இல்லை?

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் அவளுக்குக் காய்ச்சல். ஏதாவது தோட்டம் விட்டுப்போயிருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். "நெம்பர் மட்டும் பாருங்கப்பா. மத்தது அப்படியே இருக்கட்டுங்க."

பார்த்தேன். என்ன களேபரம் அது! கடைமடைக்காரன் முன்னால், தலைமடைக்காரன் எங்கோ நடுவில்... எங்கள் ஊரில் தண்ணீர் தலைமடையிலிருந்து முறைப்படிதான் இறங்கும். முறையை மாற்றினால் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். பாவம், காய்ச்சலில் குழம்பிவிட்டாள் என்று நினைத்து, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒன்றிலிருந்து வரிசையாக அடுக்கிவைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள், கடைசித் தோட்டத்தைத் தேடிக் காட்டச் சொன்னார்கள். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன. புரோகிராம் நின்றுவிட்டது.

ஏன் என்று பிறகு அவளே எனக்குச் சொன்னாள். "வரிசையாக் குடுத்தா எல்லாமே வலது பக்கந்தான் போகுமுங்க. கிளையே வராது. கடைசி ஆளைத் தேடோணும்னா அத்தனை பேரையும் தாண்டித்தான் போகோணும். அவ்வளவு தூரம் அது தாங்காதுங்கப்பா."

வேண்டுமென்றேதான் கலைத்துப் போட்டிருக்கிறாள்! வரிசை என்றாலே நியாயம் என்று இருந்தவன் நான். அந்த வரிசை கடைசியில் நிற்பவனை என்ன பாடு படுத்தும் என்று ஒருநாளாவது யோசித்தேனா?

வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு அழைப்பு வருமா? வரும் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது, என்ன ஆச்சு என்று அவள் அம்மா கேட்டாள். கவிதா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"காய்ச்சல்ல நாந்தானுங்கம்மா தப்பாப் போட்டுட்டேன்."

திட்டியிருந்தால் ஒரு வாய் சோறாவது இறங்கியிருக்கும்.