சின்னமனூரில் ஒரே ஒரு பைப்பு

போன ஐப்பசியில், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு வியாழக்கிழமை மதுரையிலிருந்து சின்னமனூர் போய்வந்தேன். மேகமலைக்கா, சுருளிக்கா என்று கேட்காதீர்கள். தண்ணீரைப் பீய்ச்சியே கல் அறுக்கிற வாட்டர்ஜெட் மெஷினில் பைப் போய்விட்டது, அதை மாட்டித்தருவது என் பிழைப்பு. ஆனாலும் தேனிப் பக்கம் வேலை என்றால் எனக்குக் கொண்டாட்டம்தான்.

ஆரப்பாளையத்தில் காலை ஆறு மணி பஸ். தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே கம்பம் பஸ் மாறி, பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி தாண்டினால் முக்கால் மணியில் சின்னமனூர். இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள், மலை கூடவே வரும். என் டூல் பெட்டி பதினெட்டு கிலோ. உள்ளே ஏலக்காயா என்று கண்டக்டர் கேட்டார். அவ்வளவு ஏலக்காய் இருந்தால் நான் எதற்கு பஸ்ஸில் வருகிறேன் என்றேன். சிரித்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துவிட்டார், மனுஷன்.

பட்டறை ஈஸ்வரி அக்காவுடையது. ஒரே மெஷின், ஓட்டுவதும் அவர்தான். ஒரு கல்யாண மண்டபத்து வாசல் தரையில் பதிக்க கிரானைட் தாமரை வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு இதழ் பாக்கி இருக்கும்போது பைப் போய்விட்டது. "விடிஞ்சா கொத்தனார் வந்துருவாக தம்பி. இதழ் இல்லைனா கான்ட்ராக்டர் மொத்த வேலையையும் மதுரைக்குத் தூக்கிட்டுப் போயிருவாரு" என்றார்.

பழைய ஜாயின்ட்டைப் பார்த்தேன். பக்கவாட்டில் பெரிசாக ஒரு குங்குமப் பொட்டு. துடைத்தால் அடியில் கல்லாக இறுகிய பசை! இந்த மாதிரி ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் பொடி ஓட்டை ஒன்று வைத்திருப்பார்கள். பைப் முனை சரியாக உட்காரவில்லை என்றால் தண்ணீர் அது வழியாகச் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். அதை அடைத்தால் தண்ணீர் மரையை முட்டும், ஒருநாள் நட்டையே பிய்த்துக்கொண்டு வரும். யார் அடைத்தது என்று கேட்டேன். அவரேதான். சொட்டிச் சொட்டித் தரை ஈரமாகிறதென்று அடைத்து, நல்லா இருக்கட்டும் என்று பொட்டும் வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது; பசையைக் குத்திச் சுரண்டி ஓட்டையைத் திறந்துவிட்டேன்.

மாற்றுப் பைப் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூன்று நூல் கனம், நடுத்துளை ஒரு நூல் (எட்டு நூல் ஒரு இன்ச்). கெடுத்தால் அடுத்தது கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். ஹேக்சாவில் நேராக அறுத்து, பிசிறு எடுத்து, முனையைக் கூம்பாகச் சீவுகிற கோனிங் டூலைப் பூட்டினேன். ஆயிலை விட்டுக்கொண்டே கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டால் பிளேடு அதிரும், முனையில் வரி விழும். முனை கூம்பாக வந்த பிறகு இடதுபக்கம் திருகும் மரை வெட்ட வேண்டும். கை பழக்கதோஷத்தில் வலதுபக்கம் திருப்பப் பார்க்கும், விடாதீர்கள். நட்டை முதலில் பைப்பில் கோர்த்துவிட்டு அப்புறம் அந்த மரையில் காலர் வளையம். இரண்டு முனையும் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. அக்கா கொடுத்த பன்னீர் திராட்சையைக் கைகூடக் கழுவாமல் தின்றேன்.

சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு பிரஷரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். மூவாயிரத்து ஐந்நூறு பார் தொடும்போது ஓட்டையில் ஒரு சொட்டு.

"ஒரு சொட்டுத்தானே தம்பி. இன்னைக்கு மட்டும் அடைச்சு விட்டுருங்க, ரெண்டு இதழ் முடிஞ்சிரும்" என்றார் அக்கா.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் எனக்கே சபலம் தட்டியது. அப்போதுதான் அவர் உட்காரும் ஸ்டூலைப் பார்த்தேன்.

"நட்டு கழண்டா உங்க நெஞ்சுக்கு நேராத்தான்க்கா வரும்."

அக்கா ஸ்டூலைப் பார்த்தார், ஜாயின்ட்டைப் பார்த்தார். போய் பம்பை நிறுத்தினார்.

கழற்றிப் பார்த்தால் கூம்பில் மயிரிழை வரி. கடைசிச் சுற்றில் என் கைதான் அதிர்ந்திருக்கிறது. மறுபடியும் டூலைப் பூட்டி மெல்லிசாக ஒரு சீவு சீவினேன், கடைசி நாலு சுற்று பிளேடை முன்னே தள்ளாமல். இந்தத் தடவை அரைமணி நேரம் ஓடியும் ஓட்டை காய்ந்தே கிடந்தது. அப்பாடா! பொழுது சாயும்போது இரண்டு இதழும் வெட்டி முடிந்து பட்டறைத் தரையில், அக்கா முகத்தில் பழைய களை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: பிளேடு ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், பைப்பை மாட்டும் முன் உள்ளே ஊதித் தூளை வெளியேற்றுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் தேனி வந்துவிட்டால் மதுரைக்கு உட்கார இடத்தோடு பஸ் கிடைக்கும். அருவி பார்க்க ஆசை இருந்தால் ஒருநாள் சேர்த்துப் போங்கள், நான்தான் போகவில்லை.

பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா போனை எடுத்தார். போடியில் அவர் கூடப்பிறந்த தம்பிக்கும் இதே மாதிரி மெஷின் இருக்கிறதாம்.

"ஏலே, மெஷின் ஓடுதா? நிப்பாட்டு. காரணம் பொறவு சொல்றேன், மொதல்ல நிப்பாட்டிட்டு அங்கனருந்து எந்திரி. அந்த ஓட்டைய அடைக்கச் சொன்னது நான்தான்டா."